வளையத்தில் தொங்கியதாகச் சொல்லப்படும் பிள்ளை

பெயர்: மேபல் லொறெய்ன் பல்தசார். வயது: 48. தொழில்: கூடைப்பந்துப் பயிற்றுநர். முகவரி: டச்பார், மட்டக்களப்பு.

மேற்படி நான், பொலிஸ் சார்ஜன்ட் மர்சூக் அவர்களின் முன்னிலையில் தமிழில் கூறுவதாவது:

நான் மேற்சொன்ன முகவரியில் தாயாருடன் வசிக்கிறேன். விஞ்ஞானப் பட்டதாரி. பல்கலைக்கழக அணியில் விளையாடியிருக்கிறேன். படிப்பு முடித்து ஊர் திரும்பிய ஆண்டிலிருந்து இங்குள்ள கல்லூரியொன்றின் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பயிற்றுவித்து வருகிறேன். இது அரச நியமனம் அல்ல. பழைய மாணவர் சங்கம் வருடாவருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும். என் அணிகள் மூன்று தடவை மாகாணத்தில் முதலிடம் பெற்றுள்ளன. தற்போதைய அதிபர் அவற்றில் ஒரு போட்டியைக்கூட இருந்து பார்த்ததில்லை. இதை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு.

சென்ற மாதம், வெளிநாட்டில் வசிக்கும் சங்கத் தலைவர் மைதானத்துக்கு, வளையம் பொருத்தும் புதிய பலகைகள் இரண்டை அன்பளிப்புச் செய்தார். அவற்றில் அவருடைய பெயர் வளையத்தின் அகலத்தைவிடப் பெரிதாக எழுதப்பட்டுள்ளது. அவருக்குப் பாராட்டு விழா வைப்பதற்காக மைதானத்தின் வடக்குப் பக்கத்தில் மேடை போடப்பட்டது. அந்தப் பக்கத்துக் கம்பத்தைப் பின்னாலிருந்து தாங்கி நிற்கும் இரண்டு சாய்வுக் கம்பிகள் மேடைக்கு இடைஞ்சல் என்று கூறி அறுக்கப்பட்டன. பலகையின் பாரம் முன்பக்கம் இழுக்கும் என்றும், அக்கம்பிகள் இல்லாமல் கம்பம் நிலைக்காது என்றும் நான் அதிபரிடம் கூறினேன். அவர், "ஒரு நாள் வேலை மிஸ். விழா முடிய ஒட்டுவிப்பம்" என்றார். விழா முடிந்தது. ஒட்டவில்லை. அதன் பின்னர் அந்தப் பக்கம் எவரும் போகாதபடி நானே கயிறு கட்டி, தெற்குப் பக்கத்தில் மட்டும் பயிற்சி நடத்தினேன்.

சென்ற வியாழக்கிழமை பின்னேரம் நான் மைதானத்துக்கு வந்தபோது கயிறு அவிழ்க்கப்பட்டிருந்தது. அதிபரும் சங்கத் தலைவரும் படம் பிடிப்பவர் ஒருவரும் வடக்குப் பக்கத்தில் நின்றார்கள். தலைவர் ஊர் விட்டுப் போகுமுன், தன் பெயருள்ள பலகைக்குக் கீழே பிள்ளைகள் பந்து போடுவதைப் படம் எடுக்க விரும்புவதாகக் கூறப்பட்டது. தெற்குப் பலகையிலும் அவர் பெயர்தான் உள்ளது என்று நான் கூறினேன். அங்கே வெயில் முகத்தில் அடிக்கிறது என்று படம் பிடிப்பவர் கூறினார். நான் பிள்ளைகளை நிலத்தில் இருக்கச் சொன்னேன். அதன் பின்னர் அதிபர், வெற்றிக் கிண்ணங்களும் படத்தில் வரவேண்டும், எடுத்து வாருங்கள் என்று என்னை அலுவலகத்துக்கு அனுப்பினார். அது என்னை அப்புறப்படுத்துவதற்காகத்தான் என்பது திரும்பி வரும்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் விறாந்தையால் வந்துகொண்டிருக்கையில், பதினெட்டு வயதான வினாயகமூர்த்தி அஜந்தா என்ற மாணவி பந்தைத் தட்டிக்கொண்டு வளையத்தை நோக்கி ஓடுவதைக் கண்டேன். தலைவர் கம்பத்துக்குப் பின்னால் நின்று, கைகளைக் கட்டி, முதுகை அதில் சாய்த்திருந்தார். மாணவி பாய்ந்து பந்தைப் பலகையில் போட்டார். கம்பம் அடியோடு முன்னால் சரிந்தது. வளையத்துக்கும் தரைக்கும் இடையில் மாணவியின் வலது கை அகப்பட்டது. தலைவர் மல்லாந்து விழுந்தார். அவருக்குக் காயம் இல்லை. முதலில் தண்ணீர் கொடுக்கப்பட்டது அவருக்குத்தான். நான் கிண்ணங்களை எறிந்ததாக அதிபர் கூறியிருப்பதாக அறிகிறேன். நான் எறியவில்லை. கீழே வைத்துவிட்டுத்தான் ஓடினேன்.

மாணவியின் முன்கை இரண்டு இடங்களில் முறிந்துள்ளது. அவர் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சை எழுத வேண்டியவர். மறுநாள், மாணவி வளையத்தைப் பிடித்துத் தொங்கியதால் கம்பம் விழுந்தது என்றும், அன்பளிப்புச் சொத்துக்குச் சேதம் விளைவித்தது அவரே என்றும் அதிபர் இந்நிலையத்தில் முறைப்பாடு செய்துள்ளார்.

அன்று பின்னேரம் வைத்தியசாலையில் மாணவியின் தந்தையைச் சந்தித்தேன். அவர் உன்னிச்சையில் வயல் செய்பவர். "அதிபர் சேர் சொன்னதத்தான் மிஸ் நானும் பொலிசில சொன்ன. இல்லாட்டி வழக்குப் போட்டு புள்ளையப் பள்ளிக்குடத்தால நிப்பாட்டுவாங்களாம். மறுகா நான் என்ன செய்யிற? நீங்க சும்மா இருங்க மிஸ்" என்றார். அவரை நான் குறை கூறவில்லை. மாணவி கட்டிலில் படுத்தபடி, "நான் வளையத்தப் பிடிச்சித் தொங்கினனாம் மிஸ். அப்ப ஏன் என்ன சென்டருக்குப் போடல்ல?" என்று கேட்டார். சென்டர் என்பது அணியின் உயரமானவருக்கு உரிய இடம். அஜந்தா அணியிலேயே கட்டையானவர்.

திங்கட்கிழமை அதிபர் என்னிடம், "உங்கட ஒப்பந்தம் டிசம்பரோட முடியுது, தெரியும்தானே மிஸ்" என்றார். இது இம்முறைப்பாட்டுடன் தொடர்பற்றது என்று சார்ஜன்ட் அவர்கள் கூறினார். தொடர்பு உண்டு, எழுதவும் என்று கூறினேன்.

வளையம் தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் உள்ளது. மாணவியின் உயரம் ஐந்து அடி ஓர் அங்குலம். என் சேவைக்காலத்தில் அதைக் கையால் தொட்ட மாணவி ஒருத்தியும் இல்லை. பெண்பிள்ளைகள் விளையாடுவதை ஒரு தடவையாவது பார்த்த எவரும் இந்தப் பொய்யைச் சொல்லமாட்டார்.

இவ்விடத்தில் வாக்குமூலம் நிறுத்தப்பட்டு, சார்ஜன்ட் அவர்களுடனும் கான்ஸ்டபிள் றுஸ்தி அவர்களுடனும் மைதானத்துக்குச் சென்று திரும்பிய பின் தொடரப்படுகிறது.

கான்ஸ்டபிள் ஆறடிக்கு மேல் உயரமானவர். தெற்குப் பக்க வளையத்தைத் தொடும்படி சார்ஜன்ட் கூற, அவர் பாய்ந்தார். வலையில் மட்டும் விரல் பட்டது.

"சேர், சப்பாத்தோட ஏலா."

"அப்ப கழட்டிப்போட்டுப் பாய் மனே. நாங்க பாத்துக்கு நிக்கிறம்."

கழற்றிவிட்டுப் பாய்ந்தபோதும் வலையில்தான் பட்டது. இதை எழுத வேண்டாம் என்று கான்ஸ்டபிள் கேட்டுக்கொண்டார். எழுதப்பட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

அதன் பின்னர் வடக்குப் பக்கத்துக்குப் போனோம். விழுந்த கம்பம் அகற்றப்பட்டிருந்தது. அறுக்கப்பட்ட சாய்வுக் கம்பிகளின் அடிக்கட்டைகள் மட்டும் நிலத்தில் நின்றன. அவை வெகுநாட்களாகவே அப்படி இருந்தன என்று எங்களுடன் வந்த அதிபர் கூறினார். நான் குனிந்து ஒன்றின் வெட்டுமுகத்தில் பெருவிரலை வைத்தேன். இன்னும் காயாத பச்சைப் பூச்சு விரலோடு வந்தது. அடியில் துருவேறாத வெள்ளை இரும்பு தெரிந்தது. சார்ஜன்ட் அவர்கள் இரண்டு கட்டைகளையும் படம் எடுத்தார்.

நான் இந்த வாக்குமூலத்தைத் தருவதால் மாணவியின் தந்தை என்மீது கோபப்படுவார். டிசம்பருக்குப் பிறகு எனக்கு வேலை இராது. அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருப்பது நீக்கப்பட வேண்டும். வேறெதையும் நான் கேட்கவில்லை.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நானும் ஒரு தடவை வாசித்தேன். என் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. அத்தனையும் உண்மை என ஏற்றுக் கையொப்பமிடுகிறேன். கையொப்பத்துக்குப் பக்கத்தில் தாளில் படிந்துள்ள பச்சை நிறம் அந்தக் கட்டையின் பூச்சு. வேறு தாளில் எழுதித் தருவதாகச் சார்ஜன்ட் அவர்கள் கூறினார். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று கூறினேன்.

(ஒப்பம்) மே. லொ. பல்தசார்