ஆடியில் காலியாகும் வீடு

வேடசந்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசில் மகளுக்கு அன்றுதான் வேலை கிடைத்திருந்தது.

“முதல் வேலையே நம்மளக் காலி பண்ணுறதுதாம்மா.”

“நம்மளையா?”

“நம்ம லைன் வீடு அம்புட்டையும். ஓனர் இடிச்சுக் கட்டப் போறாராம்.”

“ஆடி மாசம் யாருடி வீடு மாத்துவா? எவ வீடு குடுப்பா? ஆவணி வரைக்கும் தவணை கேளேன்.”

“கேட்டுட்டேன். முடியாட்டி நாளைக்கு வராதேன்னுட்டாங்க.”

தாய் மகள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப முதல்ல நம்ம சாமானத் தெருவுல எடுத்து வையி. பெறகு மத்தவுக கதவத் தட்டு. இல்லாட்டி உனக்கு மண்ண வாரித் தூத்துவாளுக.”

“சாமானத் தூக்கிட்டு எங்கம்மா போறது?”

வேடசந்தூர் வந்தது. அதுதான் கடைசி ஸ்டாப். மற்ற எல்லோரும் இறங்கினோம். அவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.