கொதிக்க வைக்காத சாறு

உக்காருங்கக்கா, இந்தச் சாத்துக்குடியைப் பிழிஞ்சுக்கிட்டே பேசுறேன். கொட்டை விழுந்தா எடுக்கணும், அதான் மெதுவா. ஆஸ்பத்திரிலேர்ந்து வீடு தேடி வந்திருக்கீங்க, ஒரு வாய் தண்ணி கூடக் குடுக்கல பாருங்க நான்.

டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேணாம்க்கா, எனக்கு மனப்பாடம். பையன் ஒடம்புல வைட்டமின் சி சுத்தமா இல்ல. அதான் ஈறு வீங்கி ரத்தம் கசியுது, காலைத் தொட்டாலே அலறுறான். வீடெல்லாம் ஓடிட்டிருந்தவன், இப்ப நிக்கவே மாட்டேங்குறான். தொடையெல்லாம் கன்னிப்போயிருக்கா, பக்கத்து வீட்டம்மா என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, என்னமோ நான் கரண்டியால சாத்தின மாதிரி!

பழமா? குடுக்காம என்ன? தினம் குடுத்தேன். பிழிஞ்சு, வடிகட்டி, தளதளன்னு கொதிக்க வச்சு, ஆற வச்சு. இதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழ வச்சுட்டாரு. கிருமி சாகட்டும்னு கொதிக்க வச்சேன், கூடவே அந்தச் சத்தும் செத்துப்போச்சாம். பாலு, தண்ணி, பழம், எதுவும் அடுப்புல ஏறாம அவன் வாய்க்குப் போனதில்ல. என் நாத்தனார் கேப்பா, விட்டா புள்ளையையே கொதிக்க வச்சுத்தான் இடுப்புல தூக்குவியாடின்னு.

ஆச்சு. வடிகட்டிடுறேன். இன்னொரு தடவை வடிகட்டிக்கிறேனே. டம்ளரை வெந்நில கழுவலாம்ல? ஐயோ, அடுப்பை எப்பப் பத்த வச்சேன்? அணைச்சுட்டேன், அணைச்சுட்டேன், பாருங்க.

அக்கா, நீங்களே உள்ள போய்க் குடுத்துடுங்களேன். நல்ல புள்ளதான், கடிக்க மாட்டான். நான் இந்தப் பாத்திரத்தைத் தேச்சிடுறேன்.

நானேதான் குடுக்கணுமா. சரி.

பயமெல்லாம் இல்லக்கா. இவனுக்கு முன்னால ஒருத்தி இருந்தா. ஆஸ்பத்திரில யாரும் கேக்கல, நானும் சொல்லல. அவளுக்குப் பச்சையாத்தான் குடுத்தேன், இதே மாதிரி பிழிஞ்சு. சப்புக்கொட்டிக் குடிச்சா. அன்னிக்கே வயித்தால போக ஆரம்பிச்சு, கண்ணெல்லாம் உள்ள போயி... பழமா, தண்ணியா, கழுவாத டம்ளரா, இன்னிக்கு வரைக்கும் எனக்கு யாரும் சொல்லல. அதுலேர்ந்துதான் நான் எல்லாத்தையும் கொதிக்க...

வரேன்டா கண்ணு! கத்தாத, அம்மா கொண்டாறேன்! வாங்கக்கா, நீங்களும் பக்கத்துல நில்லுங்க, அவன் குடிச்சு முடிக்கிற வரைக்கும் என்னை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கங்க.