நூற்றுக்கு எட்டு

பால் கலக்காத தேஓவில் சீனி வேண்டாம் என்று நான் காலையில் சொன்னதை மத்தியானம் வரை நினைவில் வைத்திருந்தீர்கள், சார்ஜன் ஷர்மினி. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம், மலாய்க்கு மாற்ற ஆள் இருக்கிறது என்றீர்கள். ஆகவே என் கைப்பட எழுதுகிறேன்.

என் பெயர் தங்கராஜு. காஹாங்கில் இருபத்திரண்டு வருடமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். என் ரசீதின் தலையில் எஸ்எஸ்டி வரிப் பதிவு எண் அச்சாகியிருக்கும். சுங்கத்துறை கொடுத்த பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பதிந்த பட்டறைக்காரன் வாடிக்கையாளரிடம் சேவை வரி வாங்கி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். முன்பு நூற்றுக்கு ஆறு வெள்ளி. இரண்டாயிரத்து இருபத்து நான்கு மார்ச்சிலிருந்து எட்டு.

அந்த எட்டு வெள்ளிக்காக நான் கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. என்னிடம் தொழில் கற்ற ரூபேந்திரன் எதிர்வரிசையில் கடை போட்டான். அவன் பதியவில்லை, அவன் வருமானத்துக்குப் பதிய வேண்டியதும் இல்லை. அங்கே வரி கிடையாது என்று ஊரே சாலையைத் தாண்டிப் போனது. ஜொகூர் பாரு பேரங்காடியில் குளிர்சாதனத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ரசீதின் அடியில் இருக்கும் வரியை வாய் திறக்காமல் கட்டுகிறவர்கள்தான் இவர்கள். என்னிடம் வந்தால் மட்டும், இந்தக் காசு உங்கள் பைக்குத்தானே போகிறது என்று சிரிப்பார்கள். விளக்கிச் சொல்லியே வாய் வலித்தது. பிறகு விளக்குவதையே நிறுத்திவிட்டேன்.

ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வரி கட்ட மாட்டேன் என்கிறவனிடம் சண்டை போடுவதில்லை. அவன் வரியை என் கையிலிருந்து கட்டிவிடுவேன். அதே அளவுக்கு அவன் வண்டியில் வேலையைக் குறைத்துவிடுவேன். ஒரு வெள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதினொரு வண்டிகளில் அப்படிச் செய்திருக்கிறேன். வண்டி எண்களை இரண்டாம் தாளில் எழுதியிருக்கிறேன். அந்த வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பன்னிரண்டாவது வண்டி குணாளனுடைய வேன். காஹாங்கிலிருந்து குளுவாங் தொழிற்சாலைக்குத் தினமும் எட்டுப் பெண்களை ஏற்றிப் போவான். பிரேக்கை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று வந்தான். ஆயிரம் வெள்ளி, வரி எண்பது என்று எழுதிக் காட்டினேன். அவன் தாளைப் பார்க்கக்கூட இல்லை.

"அண்ணே, ஆயிரத்தோட முடிச்சிடுங்க லா. வரி கிரின்னு எழுதுனீங்கன்னா நான் ரூபேந்திரன் கடைக்கே போயிடுறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். கோபம் வந்தது. ஆனாலும் சரி என்றேன்.

முன் இடப்பக்கச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ரப்பர் குழாயும் அதை மாட்டும் கூலியும் சேர்ந்து எண்பது வெள்ளி. அதை மட்டும் மாற்றவில்லை. மற்ற எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். பழைய குழாயில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. அதைத் துடைத்து, டயருக்குப் பூசும் கறுப்பைப் பூசினேன். பார்க்கப் புதிதாக இருந்தது. நான் வேலை பார்த்த இடம் அசிங்கமாகத் தெரிந்தால் எனக்குப் பிடிக்காது.

லோஷினியைப் பற்றியும் எழுத வேண்டும். அதே தொழிற்சாலையில் வேலை செய்த பெண். வரி எவ்வளவு என்று தானே கேட்டு, சில்லறையோடு எண்ணிக் கொடுத்தவள் என் வாடிக்கையாளர்களில் அவள் ஒருத்திதான். அவளுடைய சின்னக் கார் என் பட்டறையில் உதிரிப் பாகத்துக்காகக் காத்திருந்தது. இரண்டு நாள் வேலைக்கு எப்படிப் போவது என்று கவலைப்பட்டாள்.

"குணாளன் வேன்ல போயிட்டு வாம்மா," என்றேன். "பிரேக் நானே பார்த்துக் குடுத்ததுதான்."

குழாய் எனக்கு மறந்துவிட்டதா என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். மறக்கவில்லை. ஒரு வாய்ச் சொல்லில் அவளை நிறுத்தியிருக்கலாம். ஆனால் குழாயை மாற்றவில்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை சாலை வளைவில் குணாளன் பிரேக்கை அழுத்தியபோது அந்தக் குழாய் வெடித்தது. இடப்பக்கச் சக்கரம் பிடிக்கவில்லை. வேன் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரியில் மோதியது. லோஷினியும் கிருஷ்ணம்மா என்ற இன்னொரு பெண்ணும் அங்கேயே இறந்தார்கள். குணாளனுக்கு இரண்டு காலும் போயிற்று.

நீங்கள் தேடி வருவதற்கு முன்பே நான் ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். வேனைச் சோதித்தவர் தம் அறிக்கையில், பட்டறைக்காரரின் கவனக்குறைவு என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நட்டைக்கூட நான் கவனக்குறைவாக முடுக்கியதில்லை. அந்தக் குழாயைத் தெரிந்தே விட்டேன், தெரிந்தே மறைத்தேன். அந்தச் சொல்லைத் திருத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக, என் வருமானம் எவ்வளவு என்று கேட்டீர்கள். என்னைப் போன்ற பட்டறைக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வெள்ளி தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நான் ஒரு வருடமும் இரண்டு லட்சத்தைத் தாண்டியதில்லை. யாரும் என்னைப் பதியச் சொல்லவில்லை. ரூபேந்திரன் கடை திறந்த வாரம் நானாகவே விருப்பப் பதிவுக்கு மனுப் போட்டேன். ரசீதில் எண் இருந்தால் யார் பெரிய பட்டறைக்காரன் என்று ஊருக்குத் தெரியும் அல்லவா? பதிவை ரத்து செய்துவிடலாம் என்று என் மனைவி ஷாமளா மூன்று முறை விண்ணப்பப் பாரத்தை நிரப்பி என் மேசையில் வைத்தாள். மூன்று முறையும் கிழித்தேன்.

குணாளன் வேனுக்கான எண்பது வெள்ளியைப் போன வாரம் சுங்கத்துறைக்குக் கட்டிவிட்டேன். ஷாமளாவிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், சார்ஜன். சுவரில் இருக்கும் சான்றிதழைக் கழற்ற வேண்டாம். தங்கராஜு வரியை ஏமாற்றியவன் என்று ஊரில் யாரும் பேசிவிடக் கூடாது.