மொழிபெயர்ப்பாளர் மறுநாள் வந்தார்

மருத்துவமனைக் கட்டில்களை வெளியே இழுக்கிறோம். சன்னல் கண்ணாடி இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. 1965 செப்டம்பர். செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடம். எல்லையில் போர் நடக்கிறது. தெருவில் கூட்டம் ஓடுகிறது. யாரோ கத்துகிறார்.

"ஏரோப்ளேன்! குண்டு போட்டுட்டான்! படுங்க, எல்லாரும் படுங்க!"

நான் படுக்கவில்லை. ரங்கூனில் குண்டு விழுந்தபோது எனக்கு வயது பத்து. குண்டுக்கு முன்னே ஒரு சீழ்க்கை வரும். இதற்கு வரவில்லை. முதலில் ஒரு பெருஞ்சத்தம். ஆறு எண்ணும் நேரம் அமைதி. பிறகு அடுத்தடுத்து மூன்று. அதன்பின் எண்ணெயில் தண்ணீர் விழுந்ததுபோல் நீண்ட இரைச்சல். தெற்கே வெள்ளைப் புகை எழுகிறது. அங்கே இருப்பது பட்டாசுக் கம்பெனி.

"குண்டு இல்ல! கம்பெனி! துணிய நனைச்சிட்டு ஓடுங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நான் செவிலி. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையே ஒரு சிறிய மருத்துவமனை. இருபது கட்டில். ஒரு மருத்துவர். பத்தே முக்காலுக்கு முதல் மாட்டுவண்டி வந்தது. மொத்தம் ஏழு பேரை இறக்கினோம். ஏழும் பெண்கள். நான்காவதாக இறக்கப்பட்டவள் மா தின்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்மாக்காரி. முத்தையா என்ற தமிழரை மணந்தவள். முத்தையாவும் பர்மாவில் பிறந்தவர்தான். அறுபத்து நான்கில் இந்தியர்களை அங்கிருந்து அனுப்பியபோது கப்பலேறி, அப்பா பிறந்த ஊர் என்ற ஒரே காரணத்துக்காக இங்கே வந்தார். இருவருக்கும் அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவளுக்குத் தமிழ் தெரியாது. சிறிய கண்கள், தட்டையான முகம். சீனப்போர் முடிந்து மூன்றாண்டுகூட ஆகாத காலம். ஊர் அவளைச் சீனாக்காரி என்று அழைத்தது.

அவளை நான் கண்டுகொண்டது புறநோயாளிகள் வரிசையில். அதற்கு முன் மூன்று முறை வந்திருந்தாள். மூன்று முறையும் அதே சிவப்பு மருந்தைக் கொடுத்து அனுப்பியிருந்தோம். வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறாள், வேறென்ன செய்வது. நான்காம் முறை, தனக்கு முன்னே நின்றவர்களை அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பர்மிய எண்கள். இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் என் காதில் விழுந்த மொழி. அருகே போய் அவள் மொழியில் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வலி இல்லையாம். மூன்று மாதமாக முழுகவில்லையாம்.

அன்றே மனு எழுதினேன். இந்த வட்டாரத்துக்குத் திரும்பி வந்த குடும்பங்களில் தமிழறியாப் பெண்கள் சிலர் உள்ளனர். ரேஷன் அட்டைக்கும் மருத்துவத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அவர்கள் வாயின்றி நிற்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், பர்மிய மொழி அறிந்த ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும். மூன்று மனு போட்டேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. அப்படி ஒரு பணியிடம் இல்லை. அவ்வளவுதான். அந்த ஆண்டு தை மாதம், மொழிக்காக எங்கள் ஊர் தெருவில் திரண்டு நின்றது. மருத்துவமனைச் சுவரில் தார் எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது. அதன் கீழேதான் மா தின் வரிசையில் நின்றாள்.

ஆகவே நானே கற்பித்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து அவள் குடிசைக்குப் போவேன். உப்பு. அரிசி. ஊசி. எம்புட்டு. போதும். பேருந்து நிற்குமிடம். அடுப்பு. சமையலில் தொடங்கிச் சந்தைக்குப் போனேன். நெருப்பு என்ற சொல்லுக்கோ ஓடுங்கள் என்ற சொல்லுக்கோ வரவில்லை. வெடிமருந்தில் கைவைத்துப் பிழைப்பவளுக்கு எதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. படித்தவள் நான்.

வெடித்த அன்று மா தினுக்கு அடுத்த கட்டிலில் பாக்கியம். அவளும் அதே அறையில் வேலை செய்தவள். இடப்பக்கம் முழுதும் வெந்திருந்தது. பேசிக்கொண்டே இருந்தாள்.

"மீ, மீன்னு கத்துனா, சிஸ்டர். கையத் தூக்கிக் கத்துனா. நாங்க பாம்பாக்கும்னு காலத் தூக்கிக்கிட்டு ஒக்காந்துருந்தோம். ஏளா சீனாக்காரி, எங்கனளா பாம்புன்னு நாந்தேன் கேட்டேன். எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சிக்கிட்டு இருக்கையிலேயே..."

மீ என்றால் பர்மிய மொழியில் நெருப்பு. அதைப் பாக்கியத்திடம் அன்று நான் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் செய்தி வந்தது. முத்தையாவைப் போலீஸ் பிடித்துவிட்டது. கம்பெனியின் வெடிமருந்தறை வாசலில் அவர் பீடி பற்றவைத்ததாகப் போர்மேன் எழுதிக் கொடுத்திருந்தார். மா தின் கண்ணைத் திறந்து, அவர் எங்கே என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. அவள் எழுந்து உட்கார முயன்றாள். தோல் படுக்கையோடு ஒட்டியிருந்தது. தான் சொல்ல வேண்டும், கேட்பவரைக் கூப்பிடு என்றாள்.

ஒன்றரை மணிக்கு மாஜிஸ்திரேட் வந்தார். மா தினிடம் மரண வாக்குமூலம் வாங்க. உடன் இன்ஸ்பெக்டர். பேசுபவருக்குச் சுயநினைவு உண்டென்று மருத்துவர் சான்று தர வேண்டும். அவர் குனிந்து, "ஒன் பேர் என்னம்மா? இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். அவள் அவரையே பார்த்தாள். பேனா சுயநினைவு இல்லை என்று எழுதத் தொடங்கிற்று.

"டாக்டர், நான் கேக்குறேன்."

கேட்டேன். பெயர் சொன்னாள். கிழமை சொன்னாள். என் சித்தம் சரியாக இருக்கிறது, சீக்கிரம் எழுதுங்கள் என்றாள். மருத்துவர் நல்லவர். எழுதியதை அடித்துவிட்டுச் சான்று தந்தார்.

தடுத்தவர் இன்ஸ்பெக்டர்.

"ஐயா, யுத்த நேரம். வெடிமருந்துக் கம்பெனியிலே சீனாக்காரி மாதிரி ஒரு பொம்பள. அவ சொல்றத எடுத்துச் சொல்ல ஒரு ஆளு, அதுவும் அதே ஊர்லேர்ந்து வந்த ஆளு. நாளைக்கு கோர்ட்ல நம்மளக் கேப்பாக."

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். "ஒங்களுக்கு அந்த பாசை தெரியும்ங்கிறதுக்கு ஏதாச்சும் சர்டிபிகேட் இருக்காம்மா?"

என் பள்ளிக்கூடம் ரங்கூனில் எரிந்தது. நாங்கள் அங்கிருந்து நடந்தே வந்தவர்கள். இல்லை என்றேன். அவர் கெட்டவரல்ல. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். மதுரையில் பர்மிய மொழி அறிந்த ஒருவர் இருப்பதாகக் கேள்வி, தந்தி அடிக்கிறேன், அவர் வரும்வரை அவள் உயிரைத் தாக்காட்டி வையுங்கள் என்று சொல்லிப் போனார்.

தாக்காட்டி வைக்க என்னிடம் உப்புத் தண்ணீரும் மார்பியா ஊசியும் இருந்தன. ஊசி போட்டால் உறங்கிவிடுவாள். அவள் வேண்டாமென்றாள். இரண்டு மணியிலிருந்து இரண்டு இருபது வரை பேசினாள். நான் எழுதினேன்.

அவள் சொன்னது இது: இரவு பெய்த மழையில் கூரை ஒழுகியது. என் தட்டில் வெடிமருந்து நனைந்திருந்தது. போர்மேன் தொட்டுப் பார்த்தார். ஆர்டர் போக வேண்டும் என்பதுபோல் கடிகாரத்தைக் காட்டி, அதையே அடைக்கச் சைகை செய்தார். நனைந்த மருந்து தானே சூடேறி, கொஞ்ச நேரத்தில் தட்டு சுட்டது. புகை வந்தது. நான் கத்தினேன். என் கணவர் கிணற்றடியில் இருந்தார். சன்னல் வழியே அவர் முதுகைப் பார்த்தேன். வாசலில் யாருமில்லை.

இதைத் தமிழில் எழுதினேன். பர்மிய எழுத்து எனக்குச் சரியாக வராது. அவள் சொல்லச் சொல்ல, ஒலியையாவது தமிழெழுத்தில் குறித்திருக்கலாம். தோன்றவில்லை. அர்த்தம் போதுமென்று நினைத்தேன். விரல் ரேகை வைக்கக் கேட்டேன். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். விரல்களில் ரேகை இல்லை.

மூன்றே முக்காலுக்கு இறந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் மறுநாள் காலை வந்தார். வயதானவர். கையில் குடை. பர்மாவில் மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவராம். "மொத வண்டிக்கே வந்துட்டேம்மா," என்றார். காலியான கட்டிலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். போக்குவரத்துப் படியை வாங்காமலே போய்விட்டார்.

வழக்கு ஏழு மாதம் கழித்து நடந்தது. மருந்தறைப் பெண்களில் அப்போது உயிரோடிருந்தவர் இருவர். அவர்கள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர்கள். முத்தையாவையும் பார்க்கவில்லை, மா தின் தட்டில் மருந்து நனைந்திருந்ததையும் பார்க்கவில்லை. என் தாளைக் கம்பெனி வக்கீல் விரல்நுனியில் பிடித்தார்.

"இது நீங்க எழுதின தமிழ். அந்தப் பொம்பள பேசினது எங்க? அவ வாய்ச்சொல்ல அப்படியே சொல்லுங்க பாப்போம்."

கூண்டில் நின்று முயன்றேன். மூன்று வாக்கியத்துக்குமேல் வரவில்லை. அர்த்தம் முழுதும் தெரிகிறது. சொற்கள் போய்விட்டன. தாள் ஏற்கப்படவில்லை. முத்தையாவுக்கு இரண்டு ஆண்டு.

விடுதலையாகி நேரே மருத்துவமனைக்கு வந்தார். மெலிந்திருந்தார். தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"எனக்காகப் பேசுனாளாமே, சிஸ்டர். அவ பாசையிலேயே சொல்லுங்க. எனக்குப் புரியும்."

என்னால் முடியவில்லை. தமிழில் சொன்னேன். கடைசிவரை கேட்டார். எழுந்து கும்பிட்டுப் போனார். எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியாது.

இவை இழந்தவை. அந்த அறையில் ஏழு பெண்கள். ஐவர் இறந்தனர்: மா தின், ராக்கு, அன்னமரியாள், பேச்சி, பேச்சியின் மகள் சுப்புத்தாய். பாக்கியத்துக்கு ஒரு காதும் ஒரு கண்ணும். மற்றொருத்திக்கு இரு கைகளின் விரல்களும். மா தின் வயிற்றில் ஏழு மாதம். முத்தையாவின் இரண்டு ஆண்டு. நான் அதற்குப் பின்னும் இரண்டு மனு போட்டேன். பதில் இல்லை. இருபது நிமிடப் பேச்சில் அவள் மொழியில் என்னிடம் இருப்பவை மூன்று வாக்கியங்கள். தண்ணீர் கொடு. ஊசி வேண்டாம். எழுதிவிட்டாயா.