உள்பக்க வீக்கம்

டயர் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் விசாரிப்பதற்கு முன்னால் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இந்த வண்டியை நான் எங்கே ஓட்டப்போகிறேன்? பலரும் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே பேசுகிறேன்.

என்னுடையது காடுமேடு ஏறுவதற்கென்றே செய்த வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். அதில் நான் தினமும் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்வருவேன். அங்கே தரப் பரிசோதகர் வேலை. போக பதினொரு கிலோமீட்டர், வர பதினொரு கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. வழியில் இரண்டு வேகத்தடைகள் உண்டு. அவற்றை என் வண்டி மிகுந்த துணிச்சலோடு கடக்கும்.

வாங்கிய வருடமே சேற்று டயர் போட்டேன். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினேன். அடியில் இரும்புத் தகடு, பின்னால் இழுவைக் கொக்கி. ஆற்றுக்குள் இறங்குவதற்கான மூச்சுக்குழாய் மட்டும் வைக்கவில்லை. எதிலும் ஓர் அளவு வேண்டும் என்று நினைக்கிறவன் நான். உயர்த்திய பிறகு கம்பெனியின் கீழ்த்தளத்தில் ஏரியல் கூரையை உரசியது. அதனால் வண்டியை வெளியே வெயிலில் நிறுத்தினேன்.

என் மனைவியின் தம்பியிடமும் அதே வண்டிதான். எட்டு வருடம் பழசு. அவனுக்கு முப்பத்தாறு வயதானாலும் வீட்டில் சின்னவன்தான். நில அளவை வேலை. அவன் வண்டியில் எந்த அலங்காரமும் கிடையாது, டயர் வழுக்கை. அதை வைத்துக்கொண்டு வாரத்துக்கு நான்கு நாள் மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் போய், கதவுப்பிடி வரை சேற்றோடு வருவான். அந்தச் சேற்றைக் கழுவாமலேயே என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவான். வேண்டுமென்று செய்தான் என்று நான் சொல்லவில்லை.

"மாமா, உங்க வண்டிய மலைக்குக் கொண்டு போகணும்னா லாரியில ஏத்தித்தான் கொண்டு போகணும் போல," என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், அவளுக்குச் சிரிக்க வேறு சந்தர்ப்பம் அதிகம் இல்லை.

அடுத்த மாதம் குடும்பத்தோடு அணைக்கட்டுப் பக்கம் போனோம். நீர் வற்றிய கரையில் என் வண்டியை இறக்கினேன். சேற்று டயர் சேற்றில் என்ன செய்யும் என்று பார்க்க ஆசைப்பட்டது தவறில்லையே. அது உட்கார்ந்துகொண்டது. அச்சு வரை இறங்கிவிட்டது.

"மாமா, நாலு சக்கர கியர் போட்டீங்களா?"

போட்டிருக்கவில்லை. அந்தக் கியரை நான் அதுவரை தொட்டதே இல்லை. சின்னவன் தன் வழுக்கை டயர் வண்டியைக் கொண்டுவந்து, கயிறு கட்டி, என்னை வெளியே இழுத்தான். இழுத்த வேகத்தில் என் முன்சக்கரம் ஒரு பாறையில் மோதி ஏறி இறங்கியது. அவன் மனைவி இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்தாள். என் மனைவி அதைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினாள். கம்பெனிக் காவலாளி வரைக்கும் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அவர் மறுநாள் எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, "சார், கயிறு வேணுமா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. டயரை மாற்ற முடிவு செய்தேன். இரண்டு வாரம் படித்தேன். சாலை டயர், சேற்று டயர், இரண்டுக்கும் பொதுவான டயர் என்று மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சத்தம், மழையில் எவ்வளவு பிடிப்பு, எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டையும் கொண்டுவந்திருக்கிறேன்.

டயர்க் கடைக்காரர் என் பழைய டயரைத் தடவிப் பார்த்தார். பல் எதுவும் தேயவில்லை. "ஆபீஸுக்குத்தானே போறீங்க? ரோட்டு டயரே போதும் சார்," என்றார். மலைக்கும் போவேன் என்றேன். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "சரி சார், ரெண்டுக்கும் ஆகுறதையே போட்டுடலாம்." நல்ல மனிதர். அவரை இதில் சேர்க்காதீர்கள். புது டயர்களைப் புது ரிம்மில் மாட்டிக் கொடுத்தார். பழையவை ரிம்மோடு அப்படியே என்னிடம் வந்தன. வருவதற்கு முன்னால் ஒன்றின் உள்பக்கத்தைக் காட்டினார். எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது.

"கல்லுல அடிச்சிருக்கு சார். உள்ள நூல் அறுந்து போச்சு. மேல் ரப்பர் மட்டும்தான் காத்தத் தாங்கிட்டு இருக்கு. என்னிக்கு வெடிக்கும்னு சொல்ல முடியாது. யாருக்கும் குடுத்துடாதீங்க." சொல்லிவிட்டு அதன்மேல் சாக்கட்டியால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

அன்று மாலையே சின்னவன் வந்தான். "பழைய டயர என்ன பண்ணப் போறீங்க மாமா? எனக்குக் குடுங்களேன். என்னோடது மொழுக்குன்னு ஆயிடுச்சு."

இதுவரை என்னிடம் எதையும் கேட்காதவன் முதன்முறையாகக் கேட்கிறான். எப்படி இல்லையென்பது? மேலும், அந்த வீக்கம் அவன் இழுத்ததால் வந்தது. அது அவனிடமே போய்ச் சேர்வதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. ஈரத்துணியால் சாக்கட்டிக் குறியைத் துடைத்தேன். வாசலில் ஜாக்கி வைத்து நானே மாட்டிவிட்டேன். அந்தச் சக்கரத்தை முன்பக்கம், ஓட்டுகிறவர் பக்கம் மாட்டினேன். வீக்கம் உள்பக்கம் என்பதால் அடியில் படுத்துப் பார்த்தாலொழிய கண்ணில் படாது. காற்றையும் நானே சரிபார்த்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

"நீங்க இவ்ளோ நல்லவர்னு தெரியாம போச்சு மாமா," என்றான். பரவாயில்லை என்றேன்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. டயர்க் கடைக்காரர் மிகைப்படுத்திவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு மலையில் இருக்கும் மனைவியின் பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. காலையில் இரண்டு வண்டியாகக் கிளம்பினோம். சின்னவன் மனைவி வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் வரவில்லை. அதிர்ஷ்டசாலி.

என் மனைவி என் வண்டிக் கதவைத் திறந்தாள். உடனே மூடினாள். "என்னங்க, நான் தம்பி வண்டியிலயே வர்றேன். உங்க வண்டி குலுக்குற குலுக்கல்ல இடுப்பு விட்டுப் போகுது."

அப்போது ஏன் தடுக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். பெண்கள் எடுக்கும் முடிவை நான் மதிக்கிறவன். தவிர, தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். "சீட் பெல்ட்ட போட்டுக்க," என்று மட்டும் சொன்னேன். அக்கறை இல்லாதவன் அதைச் சொல்வானா?

அவர்களுக்குப் பின்னால், போதிய இடைவெளி விட்டு ஓட்டினேன். பெரியப்பாவைப் பார்த்துவிட்டு இறங்கும்போது மூன்றாவது வளைவில் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தடுப்புக் கற்களைத் தாண்டி, கண்ணிலிருந்து மறைந்தது. நான் ஓரமாக நிறுத்தி, பின்னால் வருகிறவர்களுக்காக எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

சின்னவன் அங்கேயே போய்விட்டான். அவள் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் கண் விழித்து, "பின்னாடிதானே வந்தீங்க, என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள்.

"உன் தம்பி கொஞ்சம் வேகமா போயிட்டாம்மா," என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு பேசவில்லை.

இதையெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நேற்று இதே ஸ்டேஷனில் கையெழுத்துக்காக உங்கள் அறிக்கையைக் கொடுத்தீர்கள். அதில் 'வண்டிக்குப் பொருந்தாத டயர்களைத் தேர்ந்தெடுத்து மாட்டியதால் விபத்து' என்று இருந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. அளவும் சரி, தாங்கும் பாரமும் சரி, காற்றும் சரி. மீதி மூன்று டயரையும் நீங்களே சோதித்துப் பாருங்கள், இன்னும் நான்கு வருடம் ஓடும். சொந்தக்காரர்கள் அறிக்கையைப் படித்துவிட்டு, இவனுக்கு டயரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது என்று சிரிக்க மாட்டார்களா?

வெடிக்கும் என்று தெரிந்தே மாட்டினேன். அவள் ஏறியபோதும் தெரிந்தேதான் சும்மா இருந்தேன். கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. அந்தப் 'பொருந்தாத' என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். இரண்டு பேர் போன வீட்டில், என் பெயருக்கு வீணாக ஒரு களங்கம் வேண்டாம்.