அந்தப் பேய் எங்க அத்த

மதுராந்தகத்தில் பேருந்து ஏறிய இரண்டு இளைஞர்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பழைய பேய்ப் படம் ஒண்ணு சொல்றேன், கண்டிப்பா பாரு மச்சான். ஏரிக்கரை வூடு, நெத்தியில தழும்போட ஒரு பொண்ணு. அப்பால அந்தப் படம் எந்த நாவல்லேர்ந்து எடுத்தாங்களோ, அதப் படி. படத்தவிட அதான் செம டெரரு."

"நான் பாக்க மாட்டேன்டா. அந்தப் பேயி எங்க அத்த."

"இன்னாடா சொல்ற?"

"எங்கப்பாவோட அக்கா. உசுரோடதான் கீது. அதுக்கு வலிப்பு வரும். பக்கத்து வூட்டு வாத்தியார் அதப் பாத்து பேய்க்கதை எழுதிட்டாரு. வூடு, தழும்பு, ஒண்ணு வுடல. படம் வந்தப்புறம் பொண்ணு பாக்க வந்தவங்க வாசலோட திரும்பிட்டாங்க. அறுபது தாண்டிடுச்சி, இன்னும் தனியாதான் கீது."

"அடப்பாவி! அந்தாளு மன்னிப்புகூட கேக்கலியா?"

"ஊர வுட்டே பூட்டாரு. வந்தா அத்த ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம். 'நெசமாவே என்னப் பாத்து பயந்தீங்களா சார்?'னு."

அந்த வாத்தியார் நான்தான். அவளுக்கு வலிப்பு வந்தபோதெல்லாம் ஓடிப்போய்க் கையில் சாவிக்கொத்தைத் திணித்தவனும் நான்தான். ஒரு நாளும் நான் பயந்ததில்லை. அதைச் சொல்லச் செங்கல்பட்டு வரை நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.