ஓரம் மடித்துத் தைத்த சட்டை

வெயிலை நான் குறை சொல்லமாட்டேன் சுனீ. நம் ஊரில் ஏப்ரல் மாதத்தில் வெயிலைக் குறை சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் வேறு எதையும் பேச நேரம் இருக்காது. நீ முதலில் உட்கார். ஆற்றங்கரையிலிருந்து நேரே ஓடியே வந்திருக்கிறாய், சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும் போலிருக்கிறது. கழற்றி அந்தக் கம்பியில் போடு, மின்விசிறிக்கு எதிரே. பள்ளிக்கூடச் சட்டைகள் பக்கத்தில் தொங்குவதைப் பற்றிக் கவலைப்படாதே, பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. இந்தா, என் பருத்திச் சட்டையை மாட்டிக்கொள். வில்வக்காய்த் தண்ணீரில் ஐஸ் போட்டு வைத்திருக்கிறேன். குடி, பிறகு பேசலாம்.

எதற்கு வந்திருக்கிறாய் என்று தெரியும். அந்தப் பையில் இருப்பது என் வீட்டுக்காரர் தவிசக்கின் ஓட்டச் சட்டை. ஓரத்தை நீ பிரித்தும் பார்த்திருக்கிறாய். நர்ஸ் கையில் கத்தரிக்கோல் கிடைத்தால் தையல்காரியைவிடச் சுத்தமாகப் பிரிப்பாள். மேசைமேல் கொட்டு, கூச்சப்படாதே. ஆமாம், ஈயக்குண்டுதான். வீச்சுவலையின் ஓரத்தில் கோர்ப்பார்களே, அதே குண்டு. சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி வைத்துத் தைத்தேன். தட்டாமல் உருண்டையாக இருப்பவை கடைசி வாரத்தில் வைத்தவை. அந்த வாரம் எனக்குச் சீருடை வேலை தலைக்கு மேல் இருந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டாய். சொல்கிறேன். எனக்குக் கோபம் வராது. பொறாமை என்பதும் எனக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். முழுக்கக் கேட்டுவிட்டால் நீயே என் பக்கம் வந்து நிற்பாய்.

ஆறு வருஷமாக ஓடுகிறேன். நீங்கள் எல்லோரும் கையில் கடிகாரம் கட்டிக்கொள்கிறீர்கள், எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குக் கோயில் படித்துறையிலிருந்து கிளம்புவேன். ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடுகிறவர், நடக்கிறவர், ஆற்று மீனுக்குப் போடும் பொரி விற்கிறவர் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்போம். அப்போது எந்த விளக்குக் கம்பத்தருகே நிற்கிறேன் என்பதுதான் என் கணக்கு. முதல் கோடையில் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்துக் கம்பம். அப்புறம் ஒவ்வொரு கோடைக்கும் ஒரு கம்பம் தள்ளிப் போனேன். போன வருஷம் நாகச் சிலையைத் தொட்டுத் திரும்பி, எதிர்க்கரை லாவோஸ் மலைகள் முழுசாகத் தெரிகிற வளைவு வரை வந்துவிட்டேன். நாற்பது டிகிரி வெயில் அடங்காத தரையில், ஐம்பத்தாறு வயதில். அதை யாரிடமும் சொன்னதில்லை. லம்யாய் அக்காவின் பப்பாளிக்காய்ச் சோம்தாம் கடையில், நம் ஓட்டச் சங்கத்துக் கரும்பலகையில், ஐம்பதைத் தாண்டியவர்கள் வரிசையில், பிகுன் என்ற என் பெயர் நாலு வருஷமாக முதலில் இருந்தது. எனக்கு அது போதும். உலகத்தில் என் பெயர் வேறெங்கும் முதலில் எழுதப்பட்டதில்லை.

அந்த நாலு வருஷமும் என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நான் காலணி மாட்டும்போதெல்லாம், "யாரு துரத்துறாங்கன்னு இப்படி ஓடுற? கடன்காரனா?" என்பார். போன மழைக்காலத்தில் டாக்டர் சர்க்கரை என்று சொன்னார். ஞாபகம் இருக்கிறதா, நீதான் இரத்தம் எடுத்தாய். அவரைக் கையைப் பிடித்துப் படித்துறைக்கு அழைத்துப் போனது நான். காலணி வாங்கித் தந்தது நான். சட்டை தைத்துக் கொடுத்ததும் நான்தான்.

முதல் மாதம் இரண்டாவது கம்பத்தில் குனிந்து மூச்சு வாங்கினார். பாவமாக இருந்தது. உண்மையிலேயே பாவமாக இருந்தது. அப்புறம் அவர் ஒரு கடிகாரம் வாங்கினார்.

அந்தக் கடிகாரம் வீட்டுக்கு வந்ததிலிருந்து என் சாப்பாடு போயிற்று. ஒட்டரிசிச் சோற்றை உருட்டி வாயில் போடுவதற்குள், "நேத்தைவிட இன்னைக்கு எவ்வளவு குறைச்சிருக்கேன் பாரு" என்று மணிக்கட்டை மூக்குக்கு நேரே நீட்டுவார். குளியலறைக்குள்ளிருந்து கத்துவார். படுத்தபிறகும் போர்வைக்குள் பச்சையாக அது மின்னும். பிறகு எனக்கே பாடம் சொல்லித்தர ஆரம்பித்தார். "நீ மூச்சை வாயால விடுற. தப்பு. கையை இப்படி வெச்சுக்க." ஆறு வருஷமாக ஓடுகிறவளுக்கு. ஒருநாள் லம்யாய் அக்கா கடையில் எல்லாரும் இருக்கும்போது சொன்னார்: "பிகுனை நான்தான் இப்போ தயார் பண்றேன். கொஞ்சம் மந்தம், ஆனா வந்துருவா."

நான் பப்பாளிக்காயை மென்றுகொண்டிருந்தேன். மிளகாய் கொஞ்சம் அதிகம்தான். தண்ணீர் குடித்தேன், அவ்வளவுதான்.

சொங்க்ரான் தண்ணீர்ப் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு அது நடந்தது. ஆறு மணிக்குக் கீதம் ஒலித்தது, நின்றேன். எனக்கு ஒரு கம்பம் முன்னால் ஓர் ஆள் நின்றார். என் வீட்டுக்காரர். பாட்டு முடியும்வரை தலையைத் திருப்ப முடியாது, உனக்கே தெரியும். அந்த முழுப் பாட்டுக்கும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் சட்டையின் ஓரம் கண்ணில் பட்டது. இரட்டையாக மடித்து நான் தைத்த ஓரம். நல்ல அகலம். உள்ளே எதை வைத்தாலும் வெளியே தெரியாது. பாட்டு முடிந்ததும் அவர் திரும்பிப் பார்த்தார். "வா வா, விட்டுடாத. நான் இருக்கேன்ல" என்று என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

வலை பின்வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மீன் பிடிக்கப்போகிறேன் என்று அவரே வாங்கிய வலை. ஒருதரம்கூட வீசவில்லை. உபயோகப்படாத பொருளை உபயோகப்படுத்தினேன் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

முதலில் கொஞ்சம்தான் வைத்தேன். வாரம் ஒருமுறை துவைத்து, காயவைத்து, ஓரத்தைப் பிரித்து, அவர் அந்த வாரம் முன்னேறிய அளவுக்குச் சேர்ப்பேன். ஓரம் நிறைந்ததும் பக்கத் தையலுக்குள், அப்புறம் காலர் பட்டிக்குள். நியாயமான கணக்கு. முன்னேறாத வாரத்தில் ஒன்றும் சேர்க்கவில்லை, அதையும் நீ எழுதிக்கொள்.

"என்ன பிகுன், சட்டை இவ்ளோ கனமா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"வேர்வைங்க. வெயில்ல துணி தண்ணி குடிக்கும்" என்றேன்.

துணி விஷயத்தில் அவர் என்னை எதிர்த்துப் பேசமாட்டார். மனிதர் நல்லவர்.

அவர் வேகம் குறைந்தது. முதலில் கடிகாரத்தைத் திட்டினார், அப்புறம் வெயிலை, அப்புறம் காலணியை. சொங்க்ரான் தண்ணீரெல்லாம் வற்றியபோது திட்டுவதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. வயதாகிவிட்டது என்றார். அதற்குப்பின் சாப்பாட்டு நேரத்தில் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா? தட்டில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல ஏப்ரல் எனக்கு ஞாபகம் இல்லை.

நீ அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு ஒண்ணும் இல்லக்கா, குதிரை மாதிரி இருக்காரு" என்றாய். நான் அதை அவரிடம் சொன்னேன். நீ மறைக்கிறாய் என்று நினைத்துக்கொண்டார். மாம்பழத்தையும் தேங்காய்ப்பால் சோற்றையும் விட்டார். சந்தைக்குப் போய் ஒரு வாளி கெளுத்தி மீன் வாங்கி, ஆயுசு நீளட்டும் என்று வேண்டி ஆற்றில் விட்டார். நிலப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டினார். ஒருநாள் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார், சவப்பெட்டிக்கு முன்னால் வைப்பதற்கு. படத்துக்குப் போட்ட சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான். படம் நன்றாக வந்திருந்தது. பின்னால் நீலத்துக்குப் பதில் சாம்பல் நிறம் வைத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

"நான் போயிட்டா நீ தனியா ஓடுவியா பிகுன்?" என்று கேட்டார்.

கண் கலங்கிவிட்டது எனக்கு. சத்தியமாகக் கலங்கியது. ஓடுவேன் என்றேன். அன்று சாயங்காலம் காலரில் இரண்டு குண்டு சேர்த்தேன்.

அப்படிப் பார்க்காதே. கோடைக் கடைசி ஓட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கரும்பலகை இருந்தது. ஓட்டம் முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் பிரித்துவிடுவதாக இருந்தேன்.

மீதியை நீயே பார்த்தாய், தண்ணீர் வாளியோடு வளைவில் நின்றிருந்தாயே. ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஆறு மணிக்கு நான் உன் வாளியை நெருங்கிவிட்டேன், கீதம் ஒலித்தது. அவர் எனக்குப் பின்னால், இளைத்துக்கொண்டு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார். ஊரே அசையாமல் நின்றது. அப்போது டக் என்று ஒரு சத்தம்.

தையல் விட்டுவிட்டது. வேர்வை உப்புப் பட்டுப் பட்டு நூல் இற்றுப்போயிருக்கிறது. பழைய நூற்கண்டு, மிச்சம் இருக்கிறதே என்று போட்டுத் தைத்தேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் வெட்கப்படுகிற விஷயம் அது ஒன்றுதான். முப்பது வருஷத் தொழிலில் நான் தைத்த தையல் விட்டதில்லை.

ஒரு குண்டு விழுந்து உருண்டு வந்தது. கரை அந்த இடத்தில் சரிவு. பின்னாலேயே இன்னொன்று. டக், டக். என் காலணியைத் தொட்டு ஒன்று நின்றது. இன்னொன்று நேராக உன்னிடம் வந்தது. குனிய முடியாது, மிதிக்க முடியாது, இருமக்கூட முடியாது. உன் கண் மட்டும் குண்டிலிருந்து அவர் சட்டைக்குப் போயிற்று, சட்டையிலிருந்து என்னிடம் வந்தது. நம் தேசிய கீதம் இவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாட்டு முடிந்தது. அவர் கிழிந்த ஓரத்தைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. "சனியன், சாகப்போற நேரத்துல சட்டை எதுக்கு" என்று கழற்றி உன்மேல் எறிந்துவிட்டு ஓடினார்.

அவர் அப்படி ஓடி நான் அதுவரை பார்த்ததேயில்லை. யாருமே பார்த்ததில்லை. கோடை முழுக்க ஒரு வலையைச் சுமந்த கால் அது. என்னைத் தாண்டினார், காலேஜ் பசங்களைத் தாண்டினார், சட்டையில்லாத வயிறு குலுங்கக் குலுங்கக் கோயில் படியைத் தொட்டுவிட்டு, நிறுத்தத் தெரியாமல் சந்தை வரைக்கும் போனார். அவரைத் திருப்பி அழைத்துவர ஒரு மோட்டார் சைக்கிள் அனுப்ப வேண்டியிருந்தது.

கெளுத்தி மீன் கொடுத்த புண்ணியம் என்று இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சாவுக்கு எடுத்த படம் லம்யாய் அக்கா கடையில் கரும்பலகைக்கு மேலே மாலையோடு தொங்குகிறது. கீழே முதல் பெயர் அவருடையது. இரண்டாவது என்னுடையது. "அடுத்த கோடைக்கு உன்னை நான் ஆளாக்குறேன்" என்று நேற்று இராத்திரி சொன்னார்.

நீ அவரிடம் சொல்லலாம். சங்கத்திலும் சொல்லலாம், நான் மறுக்கமாட்டேன். ஆனால் நன்றாக யோசித்துப் பார். இந்தக் கோடையில் நம் ஊரில் அவர் அளவுக்கு முன்னேறியவர் யார்? அந்த முன்னேற்றத்தைக் கொடுத்தது யார்? மூச்சை எப்படி விடுவது என்று ஒரு வார்த்தை பேசாமல், ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு ஒரு சர்க்கரைக்காரரைக் குதிரையாக்கியிருக்கிறேன். இதைப் போய்க் குற்றம் என்கிறாய். என் பெயரைத் தனியாக மேலே எழுத வேண்டும் என்று நான் கேட்கவா செய்தேன்?

என்ன கேட்கிறாய்? ஓ, வலையா. வரும்போது பின்வாசலில் பார்த்தாயாக்கும். ஆமாம், ஓரம் முழுக்க மொட்டைதான். மேசைமேல் இருப்பது அதில் பாதிகூட வராது என்கிறாய். சரியாகத்தான் எண்ணியிருக்கிறாய்.

வில்வத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா? முகம் வெளுத்திருக்கிறது. சொங்க்ரானுக்கு முன்னால், தோளில் பிடிக்கிறது என்று உன் ஓட்டச் சட்டையை என்னிடம் கொடுத்தாயே, இப்போது தோள் சௌகரியமாக இருக்கிறதா? கோயில் சரிவில் ஏறும்போது மட்டும் இந்த ஒரு மாதமாக முழங்கால் கனக்கிறது என்று லம்யாய் அக்காவிடம் சொன்னாயாம். வரும் மழைக்கு உனக்கு ஐம்பது முடிகிறது, இல்லையா? அடுத்த கோடையில் நீயும் எங்கள் வரிசைக்கு வந்துவிடுவாய். எனக்குச் சந்தோஷம்தான்.

அது வெயில் சுனீ, வேறொன்றும் இல்லை. கம்பிப் பக்கம் எதற்குப் பார்க்கிறாய்? பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் காற்றில் பறக்கிறது, உன்னுடையது மட்டும் அசையவில்லை என்றா? துணி தண்ணி குடித்திருக்கிறது.